பேக்கேஜ் வடிவமைப்புக்கு மாற மூன்று மாதப் பயிற்சி தேவையா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டி என் ஊர். எட்டு ஆண்டுகளாகப் பெங்களூரில் சர்க்யூட் போர்டு வடிவமைக்கிறேன். சிப்பைத் தாங்கிப் போர்டுடன் இணைக்கும் உறையான சிப் பேக்கேஜ் வடிவமைப்பில் சீனியர் இன்ஜினியராக மாற விரும்புகிறேன். அதற்கான மென்பொருளைக் கற்றுத்தரும் மூன்று மாதப் பயிற்சிக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். எட்டு ஆண்டுகள் போர்டில் பழகிய கைக்கு அந்த மென்பொருள் சில வாரங்களில் வசப்பட்டுவிடும். நீங்கள் அலெக்ரோ என்ற போர்டு வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர் என்றால் பேக்கேஜ் கருவியும் அதே குடும்பம்தான். சூட்டில் எது எவ்வளவு விரியும், எங்கே விரிசல் விடும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவருக்குத்தான் சீனியர் சம்பளம் தருகிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு டிகிரி சூட்டுக்குச் சிலிக்கான் பத்து லட்சத்தில் சுமார் 3 பங்கு விரியும். அதைத் தாங்கும் பேக்கேஜின் அடித்தட்டான சப்ஸ்ட்ரேட் சுமார் 17 பங்கு. 20 மில்லிமீட்டர் சிப்பில் நடுவிலிருந்து ஓரம் 10 மில்லிமீட்டர். சோல்டர் உறையும் 220 டிகிரியிலிருந்து அறைச் சூட்டுக்கு இறங்கும்போது, இரண்டும் தன் போக்கில் சுருங்கினால் ஓரத்தில் ஏறக்குறைய 27 மைக்ரான் வித்தியாசம் வரும். மூலையில் இன்னும் அதிகம். அங்கே சிப்பையும் சப்ஸ்ட்ரேட்டையும் இணைத்து நிற்கும் சோல்டர் புடைப்பான பம்பின் உயரமோ பல சிப்களில் 100 மைக்ரான்கூட இருக்காது. சிப்பின் அடியில் நிரப்பும் எபாக்ஸி பசை அந்த இழுவிசையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆனால் முழு பேக்கேஜையும் வளைக்கும்.

வேலையில் சேர்ந்த ஐந்தாம் ஆண்டு, இணைப்புப் பாதையின் நீளம் குறையும் என்பதற்காக ஒரு முக்கியமான சிக்னலை மூலை பம்பில் வைத்தேன். வெப்பச் சுழற்சி சோதனை முடிந்து மாதிரியை அறுத்து, மெருகிட்டு, நுண்ணோக்கியில் காட்டினார்கள். பம்பின் கழுத்தில் முடியைவிட மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. ஐந்து மாத உழைப்பை அந்தக் கோடு தின்றுவிட்டது. அன்று முதல் மூலைகளில் கிரவுண்ட் இணைப்பையோ வெற்று பம்பையோதான் வைக்கிறேன். அறுந்தாலும் சிப் பிழைத்துக்கொள்ளும்.

உங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் வெள்ளிக் கொலுசு பற்றவைப்பவரை ஒரு மணி நேரம் பாருங்கள். இரு பக்கமும் ஒரே அளவு சூடேறும்வரை தீயை நகர்த்திக்கொண்டே இருப்பார். நம் துறையில் சோல்டரை உருக்கி இணைக்கும் ரிஃப்ளோ அடுப்பு செய்ய முயல்வதும் அதைத்தான். போர்டில் நீங்கள் நாள்தோறும் காணும் எஸ்ஏசி305 சோல்டரிலும் 3 சதவீதம் வெள்ளி இருக்கிறது.

பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பகுதியை வெப்ப, இயந்திர அழுத்தக் கணிப்பைக் கற்கச் செலவிடுங்கள். சிப் வடிவமைப்பாளரிடம் எந்த பம்பை எங்கே மாற்றச் சொல்லலாம், எப்போது சொன்னால் கேட்பார் என்பதையும் பழகுங்கள். அவருடைய வரைபடம் உறுதியான பிறகு கேட்டுப் பயனில்லை. சிப் பேக்கேஜ் ஆலைகள் குஜராத் சானந்திலும் அசாம் ஜாகிரோடிலும் வருகின்றன என்றாலும், வடிவமைப்பு வேலைக்கு நீங்கள் இருக்கும் பெங்களூரே போதும்.

நேர்காணலுக்கு உங்கள் போர்டில் பழுதான ஒரு பிஜிஏவை (அடியில் சோல்டர் பந்துகள் வரிசையாக உள்ள பேக்கேஜை) பற்றி, நிறுவன ரகசியம் எதுவும் வெளிவராமல், ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். எந்தப் பந்து விட்டுப்போனது, ஏன் அந்தப் பந்து, அடுத்த போர்டில் என்ன மாற்றினீர்கள் என்பது அதில் இருக்கட்டும்.