இடியே விழல, ஆனா டாங்கிள் செத்துப்போச்சு!

சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. வீட்டுக்குப் பின்னால தோட்டத்து ஓரத்துல இருக்கிற ரம்புத்தான் மரம் வரைக்கும் 20 மீட்டர் கம்பி இழுத்து, எஸ்டிஆர் டாங்கிள்ல, அதாவது லாப்டாப்புல சொருகி ரேடியோ கேக்கற குட்டிக் கருவியில, ஷார்ட்வேவ் ஸ்டேஷன் கேக்கறாராம். ரெண்டு டாங்கிள் போயிருச்சு, பக்கத்துல இடி ஒண்ணும் விழல. கடைக்காரர் 80 வெள்ளிக்கு லைட்னிங் புரொடெக்டர் வாங்கச் சொல்றாரு, வாங்கவான்னு கேக்கறாரு.

இப்ப வாங்காதீங்க தம்பி. மத்தியானம் மேகம் கறுத்து வந்தாலே போதும், அவ்வளவு நீளக் கம்பியில ஸ்டாட்டிக், அதாவது நிலை மின்சாரம் சேரும், அது இறங்கிப்போக வழி இல்லேன்னா டாங்கிள் வழியாத்தான் இறங்கும், உள்ள இருக்கிற டியூனர் சிப்பு தாங்குறது ஏறக்குறைய 10 மில்லிவாட்தான், பக்கத்துல 5 வாட் வாக்கிடாக்கி அமுக்கினாக்கூட அதுக்கு ஆபத்து.

100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு, சில காசுதான், கம்பி முனைக்கும் இயர்த்துக்கும் நடுவுல போடுங்க. சேர்றது சேரச் சேர வடிஞ்சிரும், சிக்னல் குறையாது. டாங்கிள் வாய்க்கிட்ட 1என்4148 டையோடு (கரண்டை ஒரே பக்கமா விடுற சின்ன பார்ட்ஸ்) ரெண்டைப் பக்கம்பக்கமா, ஒண்ணுக்கொண்ணு எதிர்த்திசையில வெச்சு இயர்த்துக்குக் குடுங்க, 0.7 வோல்ட்டுக்கு மேல ஏறினா அது வாங்கிக்கும்.

ஒரே ஒரு இடத்துல இந்த டையோடு கூடாது. கம்பிக்கு மேல ஆம்ப்ளிஃபையர் மாட்டி, கேபிள் வழியாவே 4.5 வோல்ட் கரண்ட் அனுப்புறீங்கன்னா, அதாவது பயாஸ் டீ ஆன் பண்ணியிருந்தா, அந்த 4.5 வோல்ட்டையும் டையோடு முழுங்கிரும், ஆம்ப்ளிஃபையரும் ஓடாது, டாங்கிளும் சூடாகும். அப்படின்னா ரெசிஸ்டர் மட்டும். திரும்பவும் சொல்றேன், பயாஸ் டீ இருந்தா டையோடு வேணாம், ஆன் பண்ணியிருக்கோமான்னு தெரியாமலே பலபேர் ஓட்டறாங்க.

இப்ப அந்த 80 வெள்ளி டப்பா. உள்ள இருக்கிறது காஸ் டியூப், அதாவது வோல்ட் ஏறினா கரண்டை இயர்த்துக்குத் திருப்பிவிடற வாயுக் குழாய், 90 வோல்ட் வந்தாத்தான் முழிக்கும், உங்க சிப்பு அதுக்குள்ள செத்திருக்கும். பெரிய அடிக்கு அது உதவும், ஆனா இயர்த் இல்லாம மாட்டினா வெறும் பித்தளைக் கட்டைதான். விக்கிறவன் இயர்த்தைப் பத்தி வாயே தொறக்கமாட்டான். எங்க தாமான்ல ஒரு கான்ட்ராக்டர் இயர்த்துன்னு சொல்லி ஒரு அடிக் கம்பியை மண்ணுல சொருகிட்டு 150 வெள்ளி வாங்கிட்டுப் போனான், நான் ஒரு கையால இழுத்தேன், வந்திருச்சு. புகார் குடுக்கப் போனா மூணு கவுன்டர், நாலு போராங், அவ்வளவுதான். புதுசா அடிக்கிற இயர்த் கம்பியை வீட்டு இயர்த்தோட லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வெச்சு இணைச்சிருங்க, தனியா விட்டா ரெண்டு இயர்த்துக்கும் நடுவுல வர்ற வோல்ட் வித்தியாசம் முழுக்க உங்க லாப்டாப் வழியாத்தான் ஓடும்.

நேரா இடி விழுந்தா இது எதுவும் நிக்காது. கேட்டு முடிச்சதும் கேபிளைக் கழட்டி ஜன்னலுக்கு வெளிய போடுங்க, மேசை மேல டாங்கிளுக்குப் பக்கத்துலயே சுருட்டி வைக்காதீங்க.