மாட்டு வண்டி வந்தால் படம் மாறிவிட்டது என்று அர்த்தம்

பழைய தியேட்டர்கள், அவை படங்களை விளம்பரப்படுத்திய விதம் பற்றிச் சேலம் பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி (அஸ்தம்பட்டி): ஐயா, மாடர்ன் தியேட்டர்ஸில் ஒரு காட்சிக்கு எத்தனை பேர் உட்காரலாம்?

பதில்: பெயரைப் பார்த்துப் பலரும் இப்படி நினைக்கிறார்கள், தம்பி. அது படம் ஓட்டிய இடமல்ல, படம் எடுத்த ஸ்டுடியோ. டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கியது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) சேலத்தில் இந்த ஸ்டுடியோவில்தான் உருவானது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

கேள்வி (அம்மாப்பேட்டை): டிவி இல்லாத காலத்தில் புதுப்படம் வந்தது ஜனங்களுக்கு எப்படித் தெரிந்தது?

பதில்: முதலில் காதுக்குத்தான் சேதி வந்தது. மூங்கில் சட்டத்தில் போஸ்டர் ஒட்டிய தட்டியை மாட்டு வண்டியின் இரண்டு பக்கமும் கட்டி, தப்பும் மேளமும் முழங்கத் தெருத்தெருவாக வருவார்கள். உங்கள் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். தறிக் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் நெசவாளி போஸ்டர் பார்க்க எழுந்து போக முடியுமா? சத்தம்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அதுதான் வழி. படத்தின் பெயர், நடிகர்கள், எந்தக் கொட்டகை என்று எல்லாவற்றையும் வண்டியில் இருப்பவரே கூவிச் சொல்லிவிடுவார்.

வண்டியிலிருந்து பிட் நோட்டீஸ் பறக்கும். ரோஸ், மஞ்சள், பச்சை என்று மலிவான மெல்லிய தாள். நாங்கள் பின்னாலேயே ஓடிப் பொறுக்குவோம். ஒரு நோட்டீஸ் ஒரு வீட்டுக்குள் போனால் அந்த வீடே படம் பற்றிப் பேசும். எத்தனை பெரிய பேனரும் அந்த வேலையைச் செய்ததில்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

சாயங்காலமானால் கொட்டகையின் குழாய் ஸ்பீக்கர் பாட ஆரம்பிக்கும். பல டென்ட் கொட்டகைகளில் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’ கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடியவர்கள் உண்டு.

கேள்வி (குகை): படப்பெட்டிக்கு ஊர்வலமெல்லாம் நடந்ததாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படச்சுருள்கள் சென்னைக்கு வந்து இறங்கியபோது பூத்தூவி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். திரையில் தமிழ் பேசப் போகிறதே! அதைவிடப் பெரிய விளம்பரம் என்ன வேண்டும்?

கேள்வி (சூரமங்கலம்): கட்-அவுட் எப்போது இவ்வளவு பெரிதானது, அண்ணே?

பதில்: 1957-இல் ‘வணங்காமுடி’ படத்துக்குச் சென்னை சித்ரா தியேட்டரில் சிவாஜிக்கு 80 அடியில் வைத்தார்கள். நடிகரின் சின்ன உருவப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பலகையில் பெரிதாக்கி வரைவார்கள். பக்கத்தில் நின்று வரைபவருக்கு முழு முகம் தெரியாது. மூக்கு மட்டுமே சில அடி உயரம் இருக்கும். அந்த ஓவியர்களில் பலருடைய பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கேள்வி (ஏற்காடு): பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பழைய பாட்டுப் புத்தகங்கள் கிடைத்தன. எப்படிப் பாதுகாப்பது?

பதில்: புதையல் அம்மா அது! தியேட்டர் வாசலில் விற்ற புத்தகம். பாட்டெல்லாம் முழுசாக இருக்கும், கதைச்சுருக்கம் மட்டும் நல்ல கட்டத்தில் நின்று, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். வாங்கியவரை உள்ளே இழுக்க அந்த ஒரு வரி போதும்.

உங்கள் ஊர்ப் பனியும் ஈரமும் தாளுக்கு ஆகாது. துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிடுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வெயிலில் காயவைக்காமல் நிழலில் ஆறவிட்டு, பக்கங்களுக்கு நடுவே அமிலமில்லாத வெள்ளைத் தாள் வைத்து, படுக்கை வசமாக அடுக்குங்கள். அப்புறம், ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள். அட்டையின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.