எந்தத் தியேட்டர், எத்தனை மணி ஷோ?

கேள்வி: சமீபத்தில் ஒரு கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். சுயாதீனப் பட இயக்குநர்கள் சிலர் பேசினார்கள். ‘தமிழ் ரசிகனுக்கு ரசனை போதாது, அதனால்தான் இங்கே மாற்று சினிமா வளரவில்லை’ என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அரங்கமே கைதட்டியது. உண்மையில் குற்றவாளி நாங்கள்தானா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். சரி, போகட்டும்.

ஒருவருடைய ரசனையைக் குறை சொல்வதற்கு முன்னால் அவருக்குப் படத்தைக் காட்டியிருக்க வேண்டும். ‘கூழாங்கல்’ கதையைப் பாருங்கள். மேலூர்ப் பக்கத்து வெயிலில் ஓர் அப்பனும் மகனும் நடக்கிற படம். பி.எஸ். வினோத்ராஜுக்கு அது முதல் படம். 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மை விருதான டைகர் விருது வாங்கியது. இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையாகவும் போனது. தயாரித்தவர்கள் நயன்தாராவும் விக்னேஷ் சிவனும். இத்தனை இருந்தும் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2023 அக்டோபரில்தான், அதுவும் சோனி லிவ்வில். இரண்டரை வருடத்துக்கு மேல் மேலூர்க்காரர் ரசனையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே போய் நின்றிருப்பார்?

தியேட்டருக்கே வந்தாலும் கதை பெரிதாக மாறுவதில்லை. அதே இயக்குநரின் ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது. பின்னணி இசையே இல்லாத படம். அதே நாளில் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் போட்டிக்கு வந்தது. சிவகார்த்திகேயன் தயாரிப்பு, சூரி நடிப்பு என்பதால் ‘கொட்டுக்காளி’க்கு ஸ்கிரீனாவது கிடைத்தது. புதுமுகங்களை வைத்து எடுத்தவருக்குக் கிடைப்பது வெள்ளிக்கிழமை காலை ஷோ. வேலை நாள். நாலு பேர் வந்தால் ஷோ ரத்து, டிக்கெட் காசு வாபஸ். திங்கட்கிழமை படத்தைத் தூக்கிவிடுவார்கள். பார்த்தவர் இன்னொருவரிடம் ‘நல்லாயிருக்கு’ என்று சொல்வதற்குள் அந்தப் போஸ்டர் மேல் வேறு போஸ்டர் ஏறியிருக்கும். இதற்கு நடுவே டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் கட்டணமும் கட்டியாக வேண்டும். 2018 மார்ச்சில் தயாரிப்பாளர் சங்கமே புதுப்பட ரிலீசை நிறுத்திவைத்துப் போராடியது விபிஎஃப் எனப்படும் இந்தக் கட்டண விவகாரத்தில்தான். சங்கத்துக்கே அந்தப் பாடு என்றால் தனியாளைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

மேடையில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் பெயர் நிச்சயம் அடிபட்டிருக்கும். 1977-ல் தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்தவர். படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அதைத் தியேட்டரில் பார்த்தேன் என்று சொல்கிற ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஜான் அதற்காகத் தமிழனின் ரசனையைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கேரளத்தில் நண்பர்களோடு ‘ஒடேசா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். சாப்ளினின் ‘தி கிட்’ போன்ற படங்களைத் திரையிட்டு, பார்க்க வந்தவர்களிடமே அடுத்த படத்துக்குக் காசு கேட்டார்கள். அப்படிச் சேர்ந்த சில்லறையில் 1986-ல் ‘அம்ம அறியான்’ வந்தது. செத்துப்போன ஒரு இளைஞனின் அம்மாவிடம் தகவல் சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சி வரை ஒரு கூட்டம் போகிறது. அவ்வளவுதான் கதை, கறுப்பு வெள்ளை வேறு. வழக்கமான சினிமாப் பாட்டும் சண்டையும் இல்லாத அந்தப் படத்துக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? காசு கொடுத்தவர்களே பார்த்தார்கள், ‘நம்ம படம்’ என்று. அடுத்த வருடமே ஜான் இறந்துபோனார்.

இப்போதைய மேடைகளில் ஜானின் தாடியைப் பற்றிப் பேசுகிறார்கள், குடியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒடேசா ஊர் ஊராகக் கையேந்தியதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கேமரா மலிவாகிவிட்டது, எடிட்டிங்கை வீட்டிலேயே முடித்துவிடலாம். எடுப்பதில் இருந்த கஷ்டம் பாதி தீர்ந்துவிட்டது, காட்டுவதில் இருக்கிற கஷ்டம்தான் அப்படியே நிற்கிறது. அதற்கு யோசனை சொல்வதைவிட ரசிகன் தலையில் போடுவது சுலபம். இன்னொன்று, மாற்று சினிமா என்று வருவதில் மோசமான படங்களும் நிறைய உண்டு. அதைச் சொன்னாலும் நமக்கு ரசனை இல்லை என்றுதான் பதில் வரும்.

அதற்காக உங்களையும் தோளில் தூக்கிவைக்க முடியாது. ‘ஓடிடியில் வரட்டும், பார்த்துக்கலாம்’ என்று தியேட்டர் பக்கம் போகாமல் இருந்து, வந்த பிறகு ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? இப்போது ஓடிடிக்காரர்களே ‘முதலில் தியேட்டரில் ஓட்டிவிட்டு வா’ என்கிறார்கள். காத்திருந்தால் வரும் என்பதற்கும் இனி உத்தரவாதம் இல்லை.

தணிக்கைக் கதை தனி. 2011-ல் லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ படத்துக்குச் சென்னையில் சான்றிதழ் மறுத்தார்கள். அவர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் வெட்டு இல்லாமல் வாங்கிவந்தார். அந்தத் தீர்ப்பாயத்தை 2021-ல் கலைத்துவிட்டார்கள். இனி உயர் நீதிமன்றம்தான். வக்கீல் ஃபீஸில் இன்னொரு படம் எடுத்துவிடலாம்.

அடுத்த கூட்டத்தில் மைக் உங்கள் கைக்கு வந்தால் எந்த லென்ஸ் என்று கேட்காதீர்கள். ‘உங்கள் படத்தைத் திண்டுக்கல்லில் எங்கே, என்றைக்குப் பார்க்கலாம்?’ என்று கேளுங்கள். சான்றிதழ் வாங்கிய படம் என்றால், ஊரில் ஒரு ஹால் பிடித்துத் தருகிறேன், நூறு பேரைக் கூட்டி வருகிறேன் என்று நீங்களும் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் எங்களுக்கு ஒரு கார்டு போடுங்கள். தேதியையும் இடத்தையும் இதே பக்கத்தில் போடுகிறோம்.