வீடு விற்கப் போகிறீர்களா? பின்சுவரில் இருந்து தொடங்குவோம்

மலையகத்தில் வீடு விற்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். தொழில் கட்டிட வேலை என்பதால் அந்தக் கண்ணோடுதான் சொல்கிறேன்.

ஹட்டனிலிருந்து ஒரு அக்கா: பின்சுவர் முழுக்க ஈரம், கறுப்பாகப் பூஞ்சணமும் படிந்திருக்கிறது. பெயின்ட் அடித்துவிட்டு ஆட்களை வரச் சொல்லலாமா?

வேண்டாம் அக்கா. அடுத்த மழைக்கே பெயின்ட் கொப்பளிக்கும். வாங்க வருபவர் தெரிந்த மேசன் பாஸ் ஒருவரையும் கூட்டிக்கொண்டுதான் வருவார். ஒரு சுவர் மட்டும் புதிதாக மின்னினால் அந்த ஆள் நேரே அதைத்தான் தட்டிப் பார்ப்பார். பிறகு விலை இறங்கும்.

நம் பக்கம் மலையை வெட்டித்தான் வீடு கட்டுகிறோம். மேட்டு மண் வருஷா வருஷம் சரிந்து பின்சுவரில் சாய்ந்து கிடக்கும். ஈரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. அந்த மண்ணை அள்ளி, சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற இடம் விடுங்கள். அடியில் கொங்கிரீட் கான் போட்டு, தண்ணீரை வீட்டைச் சுற்றிப் பாதைக் கானில் சேருங்கள். பக்கத்து வீட்டு முற்றத்துக்குத் திருப்பி விடாதீர்கள், விற்கும் நேரத்தில் எல்லைச் சண்டை வந்தால் சரிவராது. சரிந்த மண்ணை மட்டும் அள்ளுங்கள். மேட்டைச் செங்குத்தாக வெட்ட வேண்டி வந்தால் ஒரு பொறியியலாளரிடம் காட்டாமல் கை வைக்க வேண்டாம், மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் கூரைப் பீலி. இலை அடைத்து வழிகிற பீலி ஒன்றே ஒரு சுவரைக் கெடுத்துவிடும். மண் தடுக்கும் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வெளியேற விட்ட குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். அடைபட்டால் பின்னால் தேங்கும் தண்ணீரின் பாரம் முழுவதையும் சுவர்தான் தாங்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு பொருமிய பூச்சைச் சுரண்டி, சில வாரம் காய விட்டு, கடைசியில் பெயின்ட். வெயில் நாட்களில் செய்தால் நல்லது.

பண்டாரவளையிலிருந்து: 12 பேர்ச் காணி, நல்ல வீடு. பார்த்தவர்களுக்குப் பிடித்திருந்தது, ஆனால் வங்கிக் கடன் என்றதும் பின்வாங்கிவிட்டார்கள். ஏன்?

வீட்டுப் பத்திரங்களில்தான் எங்கோ இடிக்கிறது. கடன் கொடுக்கும் வங்கி பொதுவாகக் காணி உறுதி, நில அளவைப் படம், உள்ளூராட்சி சபை அனுமதித்த கட்டிட வரைபடம், வீதி எல்லைச் சான்றிதழ், சோலைவரிப் பற்றுச்சீட்டு, காணிப் பதிவகத்தில் எடுத்த 30 வருடப் பதிவுகள் எல்லாம் கேட்கும். பிறகு சேர்த்துக் கட்டிய சமையலறையோ மேல்மாடியோ வரைபடத்தில் இல்லாவிட்டால் பெறுமதி குறைகிறது, சில வேளை கடனே நின்றுபோகிறது. என்னைக் கேட்டால், டைல்ஸ் மாற்றும் காசில் முதலில் இந்தக் கோப்பைத்தான் நேராக்குவேன்.

இன்னொன்றும் உண்டு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை உங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்த பிறகு கொழும்பிலிருந்து வருபவர்களும் மண்சரிவைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் தந்த பரிந்துரைக் கடிதம் இருந்தால் முன்னாலேயே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று ஊறும் சேற்றுத் தண்ணீர் இருந்தால் மூடி மறைத்து விற்க நினைக்காதீர்கள். அது விலைப் பிரச்சினை இல்லை, அந்த வீட்டில் குடியிருப்பவர்களின் உயிர்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: தோட்டத்தில் 7 பேர்ச்சில் கட்டித் தந்த வீடு. செலவழித்துப் பெரிதாக்கினால் நல்ல விலைக்கு விற்கலாமா?

உறுதி கையில் இருக்கிறதா தம்பி? இருந்தால் அதில் எழுதிய நிபந்தனைகளை நொத்தாரிசிடம் காட்டி, விற்க முடியுமா என்று தெரிந்துகொண்ட பிறகு சீமெந்து வாங்குங்கள். உறுதி இல்லையென்றால் அல்லது அது லயத்து வீடு என்றால், நிலம் உங்கள் பெயரில் இல்லை. கைக்கடிதம் எழுதி விற்பதும் வாங்குவதும் பின்னால் வழக்கில் போய் முடியும். குடியிருக்க வசதியாகத் திருத்துங்கள், விலையை நினைத்து வேண்டாம்.

கம்பளையிலிருந்து: பழைய சமையலறையை உடைத்து பேன்ட்ரி போடலாமா?

தேவையில்லை. பூட்டுகள், ஒழுகும் டெப், மங்கிய பல்ப், இறுகிப் போன ஜன்னல்கள் இவற்றைச் சரிசெய்யுங்கள். சமையலறையை வாங்குபவர் எப்படியும் தன் விருப்பத்துக்கு மாற்றுவார்.

பதுளையிலிருந்து: முற்றத்துப் பலாமரம் காட்சியை மறைக்கிறது. வெட்டிவிடட்டுமா?

பலாவை அனுமதியில்லாமல் வெட்ட முடியாது, 1951 முதல் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் கேளுங்கள். நானாக இருந்தால் தாழ்ந்த கிளைகளை மட்டும் கழித்துவிடுவேன். காய்க்கிற பலாமரத்துக்காகவே வீட்டை விரும்புகிறவர்களும் உண்டு.

நுவரெலியாவிலிருந்து: எந்த மாதத்தில் ஆட்களை வீடு பார்க்க வரச் சொல்வது?

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. வெயில் இருக்கும், வீடும் காய்ந்திருக்கும். ஏப்ரல் சீசனில் வீதி நெரிசலில் வந்து சேர்வதற்குள் வருபவர்களுக்கு அலுத்துவிடும். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கும் என்பதால் காலை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லா ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். வாசனைத் திரவியம் அடிக்காதீர்கள், எதையோ மறைக்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.