கணினி கேள்வி பதில்: ஏலத்தில் பழைய கீபோர்டு

கேள்வி: ஐயா, இ-பேயில் ஐபிஎம் மாடல் எம் என்ற பழைய ஸ்பிரிங் கீபோர்டு ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. ‘சோதிக்கவில்லை’ என்று போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து ஏலம் கேட்பது?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அடிப்பக்கப் படம் இல்லாமல் ஏலம் கேட்காதீர்கள். அங்குள்ள லேபிளில் பாக எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கும். 1391401 என்றால் 101 விசைகள் கொண்ட அமெரிக்க அமைப்பு. நமக்குப் பழகியதும் அதுதான். சில கீபோர்டுகளில் கேபிள் தனியாகக் கழன்று வரும். பின்னால் நெட்வொர்க் துளை போல ஒன்று தெரிந்தால், கேபிளும் சேர்த்து அனுப்புவார்களா என்று கேளுங்கள்.

‘சோதிக்கவில்லை’ என்பதற்குப் பயப்பட வேண்டாம். செருகிப் பார்க்க விற்பவரின் கணினியில் பழைய வட்டமான பிஎஸ்/2 துளை இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பழுதான பொருளுக்கு என்ன கொடுப்பீர்களோ, அதற்கு மேல் போகாதீர்கள்.

பயப்பட வேண்டியது உள்ளே இருக்கிறது. ஸ்பிரிங்குகள் நிற்கும் பிளாஸ்டிக் சட்டத்தையும் அடியிலுள்ள இரும்புத் தகட்டையும் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் ரிவெட்டுகள். வயதானால் அவை நொறுங்கி, தலை உதிர்ந்துவிடும். தகடு விலகும், அந்தப் பக்க விசைகள் தொளதொளக்கும், சில எழுத்தே விழாது. கீபோர்டைச் சாய்த்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பொடித் துண்டுகள் உருளும் சத்தம் கேட்டால் ரிவெட் போயிருக்கிறது. ஓரிரண்டு போனால் பரவாயில்லை. ஒரு வரிசையே போயிருந்தால் மிச்சத் தலைகளைச் சீவி, 1.5 மில்லிமீட்டர் துளை போட்டு, எம்2 (2 மில்லிமீட்டர்) திருகும் நட்டும் மாட்ட வேண்டும். ஒரு முழு நாள் வேலை.

திறப்பதற்கு 5.5 மில்லிமீட்டர் நட் டிரைவர் தேவை. திருகுகள் நான்கும் ஆழத்தில் இருப்பதால் டிரைவரின் சுவர் மெல்லியதாக இருக்கட்டும், தடித்த சாக்கெட் உள்ளே இறங்காது. விசை மூடி குறைந்தால் கவலை வேண்டாம். இந்த வகையை யூனிகாம்ப் நிறுவனம் இன்னும் தயாரிப்பதால் மூடி தனியாகக் கிடைக்கும். காப்பி கொட்டிய கீபோர்டை மட்டும் விட்டுவிடுங்கள். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தாளின் மின்பாதை அரித்து, ஒரு வரிசை விசைகளே செத்துப்போகும்.

இ-பே உங்கள் உச்ச விலை வரை தானாகவே ஏற்றிக் கேட்கும். ஆகவே மனத்தில் ஒரு தொகையை முடிவு செய்து, கடைசி நிமிடத்தில் ஒரே தடவை போடுங்கள்.

கேள்வி: 122 விசைகள் உள்ள டெர்மினல் கீபோர்டு வாங்கினேன். பிளக் நெட்வொர்க் கேபிள் மாதிரி இருக்கிறது. எங்கே செருகுவது?
– வாசகி, பீடோர்

பதில்: ரவுட்டரில் மட்டும் செருகிவிடாதீர்கள் அம்மா. அது பெரிய கணினியின் முனையத்துக்காகச் செய்தது, அனுப்பும் குறியீடும் வேறு. யூஎஸ்பிக்கு மாற்றித்தான் செருக முடியும். அதற்கு ஏடிமெகா 32யு4 சிப் உள்ள சின்னப் பலகை ஒன்றில் க்யூஎம்கே என்ற கீபோர்டு மென்பொருளை ஏற்றி, 5 வோல்ட், எர்த், கிளாக், டேட்டா என்ற நான்கு வயர்களை இணைக்க வேண்டும். வயர் நிறத்தை நம்பாமல், மல்டிமீட்டரால் பிளக்கிலிருந்து உள்ளே வரை தொட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாடல் எம்மின் பிஎஸ்/2 பிளக்கை யூஎஸ்பியில் செருக மலிவான ஊதா அடாப்டர் போதுமா? வெளிநாட்டிலிருந்து வாங்கினால் வரி எவ்வளவு?
– வாசகர், தாப்பா

பதில்: போதாது. அதில் வயர் மட்டுமே இருக்கிறது, உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர்தான் வேண்டும். அதிலும் மலிவானவை சில போதிய மின்சாரம் கொடுக்காது. கீபோர்டு விளக்கு ஒரு முறை மின்னி அணைந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இணைய இறக்குமதிக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. ஆனால் வரியைவிடத் தபால் செலவுதான் கடிக்கும், மாடல் எம் இரண்டு கிலோவுக்கு மேல் கனம். வெளிநாட்டுக்குப் பணம் கட்டுமுன் உங்கள் ஊர்ப் பழைய சாமான் கடையிலும், கணினி மாற்றும் எஸ்டேட் அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.