கவலைக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள்

கேள்வி: மகள் வீடு திரும்பப் பத்து நிமிடம் தாமதமானாலே நெஞ்சு படபடக்கிறது, திரும்பத் திரும்ப போன் செய்கிறேன். இரவில் படுத்தால் வேலை, கடன், உடல்நலம் என்று ஒன்று போய் ஒன்று வருகிறது. 'யோசிக்காதே' என்று சொல்லிக்கொண்டாலும் நிற்கவில்லை. நானே செய்துகொள்ளக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்த 'யோசிக்காதே'யை விட்டுவிடுங்கள். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சிலரிடம் சொல்லிப் பார்த்தார் உளவியலாளர் டேனியல் வெக்னர். அவர்களால் முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்றதும், தடுக்கப்படாதவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். 1987-ல் வெளியான ஆய்வு இது. உங்களுக்கு மன உறுதி குறைவு என்று இனி நினைக்க வேண்டாம்.

தடுப்பதற்குப் பதில் தள்ளிப்போடுங்கள். தினமும் மாலையில் ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில், 20 முதல் 30 நிமிடம் கவலைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் வேண்டாம், தூங்கப்போகும் நேரமும் வேண்டாம். மற்ற வேளைகளில் கவலை வந்தால் ஒரு வரி எழுதிவிட்டு, 'மாலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். மாலையில் எடுத்துப் பார்க்கும்போது பாதிக்கு மேல் சப்பென்று போயிருக்கலாம். மிச்சத்தில், கடன் தவணை போல ஏதாவது செய்ய முடிவதற்கு, எந்த நாளில் என்ன செய்வது என எழுதுங்கள். 'அப்படி நடந்துவிட்டால்?' வகைக்கு விடை தேடாதீர்கள். நேரம் முடிந்ததும் நோட்டை மூடிவிடுங்கள். முதல் சில நாட்கள் தடுமாறும், பரவாயில்லை.

மகள் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போன் செய்ததும் நிம்மதி வருகிறது அல்லவா? அந்த நிம்மதிதான் சிக்கல். போன் செய்யாவிட்டாலும் அவள் பத்திரமாக வந்திருப்பாள் என்பதை மனம் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. எவ்வளவு தாமதமானால் கூப்பிடுவது என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அதுவரை பொறுத்திருங்கள். படபடப்பு ஏறும், அப்புறம் தானாகவே இறங்கும். அது இறங்குவதை நீங்களே ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த நேரத்தில் மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள்.

மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். அதிலுள்ள, தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீனில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும்.

இந்தக் கவலை பெரும்பாலான நாட்களில், ஆறு மாதமாக இருந்தால், அல்லது தூக்கமும் வேலையும் கெட்டால், மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இப்படிப் படபடக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அன்றே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.