நிதித்துறையில் மேலே வர நினைக்கும் பெண், "டார்கெட்டைத் துரத்துகிற மேனேஜர்" என்பதற்குப் பதிலாக "ஆட்களைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர்" என்று பெயர் எடுப்பது நல்லதா, கெட்டதா?

நல்லதுதான், ஆனால் அந்தப் பெயர் மட்டுமே கையில் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். நான் கடன் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது சில கிளைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

டார்கெட்டைத் துரத்துகிறவர் ஒரு ரகம், ஆட்களைப் பார்த்துக்கொள்கிறவர் இன்னொரு ரகம் என்று கேள்வியிலேயே பிரித்துவிட்டீர்கள். எனக்கு அந்தப் பிரிவினையே சரியாகப் படவில்லை. கடன் கொடுக்கும் தொழிலில் பெரிய நஷ்டம் எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒரு கணக்கு வாராக்கடன் ஆவதற்குப் பல மாதம் முன்பே கீழே இருக்கிற அதிகாரிக்கு வாடை அடித்துவிடும். வாடிக்கையாளர் போனை எடுக்க மாட்டார், சரக்கு இருப்புக் கணக்கு தாமதமாக வரும், கணக்கில் வரவு செலவு சுருங்கும், அதே சமயம் கடன் லிமிட்டை உயர்த்தித் தரச் சொல்லி நச்சரிப்பார். இதை அந்த அதிகாரி ரிவியூ மீட்டிங்கில் வாய் திறந்து சொல்வாரா என்பதுதான் விஷயம். கெட்ட செய்தி சொன்னவனை எல்லோர் முன்னாலும் வறுத்தெடுக்கும் மேனேஜராக இருந்தால் சொல்லவே மாட்டார், பழைய தவணையைக் கட்டுவதற்கே ஒரு புதுக் கடனைக் கொடுத்து இந்தக் காலாண்டை எப்படியோ தாண்டிவிடுவார், அப்புறம் அது இரண்டு மடங்காக வந்து நிற்கும். அதனால் ஆட்கள் பயமில்லாமல் பேசும் டீமை வைத்திருப்பது என் கணக்கில் இடர் மேலாண்மை. இனிமையாகச் சிரிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, அதைவிடச் சிரமமான வேலை.

இதற்கு நேர் எதிர் உதாரணம் வெல்ஸ் ஃபார்கோ என்ற அமெரிக்க வங்கி. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு கணக்கு, கார்டு என்று விற்றே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் வந்தது, சுமார் 5,300 பேரை அதற்குள் வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். இந்தக் கணக்குகளை விற்ற பிரிவுக்குப் பல வருடம் தலைமை வகித்தவர் ஒரு பெண்தான். ஆகவே பெண் தலைமை என்றாலே கனிவு என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

ஆட்களைக் கவனிப்பது என்றால் யாருக்கும் வலிக்காமல் முடிவெடுப்பதும் இல்லை. சிட்டி குழுமம் என்ற அமெரிக்க வங்கியின் தலைமைச் செயல் அதிகாரியாக ஜேன் ஃப்ரேசர் 2021-ல் பதவிக்கு வந்தபோது, வெள்ளிக்கிழமைகளில் உள் வேலைகளுக்கு வீடியோ மீட்டிங் வேண்டாம் என்றார். அதே ஃப்ரேசர் தலைமையில்தான் 2024 ஜனவரியில், 2026-க்குள் 20,000 வேலைகள் குறையும் என்ற அறிவிப்பும் வந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

இனி மாட்டிக்கொள்வது எப்படி என்று சொல்கிறேன். புதிதாக வருகிறவருக்கு வேலை சொல்லிக் கொடுப்பது, இரண்டு பேர் சண்டையைத் தீர்ப்பது, பிரிவுபசார விழா ஏற்பாடு, ஏதாவது ஒரு குழுவில் உறுப்பினர் பதவி, இதெல்லாம் "நீங்கள்தான் நல்லா செய்வீங்க" என்று நம் தலையில் வந்து விழும். அப்ரைசல் படிவத்தில் இதற்குக் கட்டமே இருக்காது. பதவி உயர்வு சமயத்தில் உங்கள் பெயரை எடுத்தால் "அருமையான மனுஷி" என்பார்கள், பதவி வேறு ஒருவருக்குப் போகும். அருந்ததி பட்டாச்சார்யாவின் பாதையைப் பாருங்கள்: 1977-ல் பாரத ஸ்டேட் வங்கியில் புரொபேஷனரி அதிகாரியாகச் சேர்ந்து, கருவூலம், முதலீட்டு வங்கி, மனிதவளம் என்று சுற்றி, தலைமை நிதி அதிகாரியாக இருந்து, 2013-ல் அந்த வங்கியின் முதல் பெண் தலைவரானார். பெண் ஊழியர்கள் குழந்தைகளையோ பெரியவர்களையோ கவனிக்க இரண்டு வருடம் வரை விடுப்பு எடுக்கலாம் என்ற ஏற்பாட்டைப் பேசும்போது அவர் பெயர் தவறாமல் வரும். மனிதவளத்தைத் தொட்டவர்தான், ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை.

(விடுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. பணம் கையாளும் பொறுப்பில் இருப்பவர் வருடத்தில் சில நாள் தொடர்ச்சியாக விடுப்பில் போயே ஆக வேண்டும் என்று பல வங்கிகளில் விதி உண்டு. அவர் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தால் மறைத்து வைத்த தில்லுமுல்லு வெளியே வரும் என்பதுதான் காரணம். "நான் இல்லாமல் ஓடாது" என்று லீவே எடுக்காதவரைப் பாராட்டும் மேனேஜர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.)

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், டீமில் எத்தனை பேர் விலகினார்கள், சிக்கலான கணக்குகளில் எத்தனை கணக்குகள், தவணை தவறுவதற்கு முன்பே உங்கள் கவனத்துக்கு வந்தன என்பதை வியாபார எண்களுக்குப் பக்கத்திலேயே வைத்து ரிவியூவில் காட்டுங்கள். அடுத்த முறை பயிற்சிப் பிரிவின் தலைமையா, சொதப்பலாக இருக்கும் ஒரு கடன் பிரிவா என்று கேட்டால் கடன் பிரிவை எடுங்கள். பயிற்சிப் பிரிவுதான் பிடிக்கும் என்றால் போகலாம், எப்போது வியாபாரப் பக்கம் திரும்பி வருவீர்கள் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.